பொம்மையின் பெட்டியில் பழவேற்காடு

நம் வீட்டு ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு மலேசியாவில் என்ன பெயர் என்று உங்களுள் சிலருக்குத் தெரிந்திருக்கும். 'காயின் பெலிக்காட்' என்பார்கள். மலாய் மொழியில் காயின் என்றால் துணி. பெலிக்காட் என்பது ஓர் ஊரின் பெயர். இலங்கையில் அதே உடையைப் 'பளையகாட் சாரம்' என்று கேட்டு வாங்குவார்கள். எங்கோ இருக்கும் மெக்சிகோவில் உழவர்கள் கழுத்தில் கட்டும் பெரிய கைக்குட்டைக்குப் 'பலியகாத்தே' என்று பெயர். அதுவும் இந்த ஊர்ப் பெயரின் திரிபுதான் என்று கருதுவோர் உண்டு. கடல் கடந்து இத்தனை நாடுகளில் துணியின் பெயராகிவிட்ட அந்த ஊர், சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில், ஓர் உப்பேரிக் கரையில் அமைதியாக இருக்கிறது. அதுதான் பழவேற்காடு. வெள்ளையர் நாவில் அது 'புலிக்காட்' ஆயிற்று.

மீஞ்சூரையும் பொன்னேரியையும் கடந்து பேருந்து கிழக்கே திரும்பியதும் காற்றில் உப்பு ஏறுவதை நீங்கள் உணர்வீர்கள். இரு பக்கமும் பனைகள். பிறகு திடீரென்று வானம் அகன்று, அதன் கீழ் ஏரி விரிகிறது. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும் தென் கோடி நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் இருக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் நீண்ட மணல் தீவில்தான் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளம் அமைந்துள்ளது. குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும். வெளியூரிலிருந்து வருவோர் பெரும்பாலும் அவற்றைப் பார்க்கவும், இறாலும் நண்டும் வாங்கவுமே வருகிறார்கள். உங்களை இன்று வேறொன்றைத் தேட அழைக்கிறேன். பெண் குழந்தைகளின் பொம்மைகளுக்குத் தைத்த உடைகளைப் பற்றியது இக்கட்டுரை. 'பொம்மைச் சட்டைக்கும் மீனவர் ஊருக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்பீர்கள். சற்றுப் பொறுமையாக என்னுடன் நடந்து வாருங்கள்.

ஊருக்குள் நுழைந்ததும் முள்ளும் புதரும் மண்டிய ஒரு மேடு தென்படும். சுற்றிலும் அகழியின் தடம் மட்டும் எஞ்சியிருக்கிறது. ஒரு காலத்தில் சோழமண்டலக் கரை முழுவதையும் அதட்டிய ஜெல்திரியா கோட்டை இதுதான். டச்சுக்காரர்கள் 1610ஆம் ஆண்டு இங்கே வணிக அனுமதி பெற்றனர். 1613இல் கோட்டை எழுந்தது. அதைக் கட்டிய அதிகாரி வெம்மர் வான் பெர்க்கெம், தம் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் நினைவாக அதற்குப் பெயரிட்டார். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை இக்கரையில் டச்சு ஆட்சியின் தலைமையிடமாக இருந்தது பழவேற்காடே. 1825இல் ஊர் முடிவாக ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. அருகிலேயே டச்சுக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாயிலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. பிள்ளைகளை அழைத்துச் சென்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். உள்ளே கல்லில் செதுக்கிய எழுத்தும் பூவேலையும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் மழுங்காமல் இருக்கின்றன.

இவர்கள் எதற்காக வந்தார்கள்? துணிக்காக. கிழக்கிந்தியத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வேண்டுமென்றால் வெள்ளிக் காசைக் காட்டினால் போதாது; அத்தீவு மக்கள் சோழமண்டலத் துணியைக் கேட்டார்கள். ஆகவே இங்கே துணி வாங்கி, அங்கே அதைக் கொடுத்து மசாலா வாங்கி, அதை ஐரோப்பாவில் விற்பது டச்சுக்காரர்களின் வழியாயிற்று. இந்த வழி அவர்கள் கண்டுபிடித்ததன்று. அவர்களுக்கு நூறாண்டுகள் முன்பே, 1516ஐ ஒட்டிய காலத்தில், துவார்த்தே பர்போசா என்ற போர்த்துக்கீசியர் இவ்வூரைப் பற்றி எழுதியிருக்கிறார். முஸ்லிம் வணிகர்களும் இந்து வணிகர்களும் நிறைந்த பட்டினம் என்றும், பூவேலைத் துணிகள் ஏராளமாக உருவாகி மலாக்காவுக்கும் பெகுவுக்கும் சுமத்திராவுக்கும் போகின்றன என்றும் அவர் குறிப்பிடுகிறார். நம் முன்னோர் திறந்து வைத்த கடல் வழியிலேயே பின்வந்தவர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்தார்கள். துணி மட்டும் அன்று. பஞ்ச காலங்களில் மனிதர்களையும் அடிமைகளாக வாங்கி இதே துறையிலிருந்து பத்தேவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். கல்லறைத் தோட்டத்தின் பூவேலையைப் பார்த்து வியக்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் துணி எப்படி உருவாயிற்று என்பதைத் தையல் தெரிந்த சகோதரிகள் ரசிப்பார்கள். நெய்த வெள்ளைத் துணியை முதலில் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் நனைத்துக் காய வைப்பார்கள். பாலின் கொழுப்பு இருந்தால்தான் வரையும் சாயம் ஓடிப் பரவாது. பிறகு மூங்கில் எழுதுகோலால், சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகார நீரையும் கறுப்பு வர வேண்டிய இடத்தில் துருவேறிய இரும்பின் கரைசலையும் கொண்டு பூவும் கொடியும் எழுதுவார்கள். படிகாரம் தொட்ட இடம் அப்போது கண்ணுக்கே தெரியாது. அதன்பின் துணியைச் சாயவேர் கொதிக்கும் கொப்பரையில் போட்டால், படிகாரம் பட்ட இடம் மட்டும் இரத்தச் சிவப்பாக மலரும். அவுரி நீலம் வேண்டுமென்றால், நீலம் ஏறக்கூடாத இடங்களையெல்லாம் மெழுகால் மூடிவிட்டுத் தொட்டியில் முக்க வேண்டும். பின்னர் மெழுகை உருக்கி எடுத்து, வெளுத்து, மீண்டும் வரைந்து, மீண்டும் வெளுத்து, ஒரு துணி முடிய வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும். சாயவேர் கடலோர மணலில் தானே முளைக்கும் சிறு செடியின் வேர். கிளிஞ்சல் கலந்த சுண்ணாம்பு மண்ணில் விளைந்த வேருக்குச் சிவப்பு அதிகம் என்று சாயக்காரர்கள் அறிந்திருந்தார்கள். சோழமண்டலக் கரையில் அப்படிப்பட்ட மண்ணுக்குப் பஞ்சமில்லை.

இப்படி உருவான பூந்துணியை நாம் சீட்டி என்கிறோம். ஐரோப்பாவில் அது உண்டாக்கிய பரபரப்பு கொஞ்சமன்று. வெளுத்தாலும் சாயம் போகாத பருத்தித் துணியை அதுவரை அவர்கள் கண்டதில்லை. உள்நாட்டு நெசவாளர்கள் கொதித்தெழுந்தார்கள். பிரான்சு 1686இல் இந்தியச் சீட்டியைத் தடை செய்தது. தடை 1759வரை நீடித்தது. இங்கிலாந்து 1701இல் இறக்குமதியைத் தடுத்தது. 1721இல் உடுத்துவதையே குற்றமாக்கிற்று. 1774இல்தான் அச்சட்டம் தளர்ந்தது. ஹாலந்து மட்டும் தடை விதிக்கவில்லை. தாமே கொண்டுவந்து விற்கும் சரக்கை எப்படித் தடுப்பார்கள்? அங்கே ஃபிரீஸ்லாந்து பகுதியிலுள்ள ஹிந்தலோபன் என்ற கடற்கரைச் சிற்றூரின் பெண்கள் இந்தியச் சீட்டியிலேயே நீண்ட மேலங்கி தைத்து உடுத்தினார்கள். துக்கம் காப்பவர்களுக்கு நீலமும் வெள்ளையும் மட்டும் உள்ள சீட்டி. நம் கரையில் யாரோ ஒருவர் வரைந்த நீலப் பூ, எங்கோ ஒரு விதவையின் மேல் துக்க அடையாளமாக இருந்திருக்கிறது.

இப்போது பொம்மைக்கு வருகிறேன்.

தைக்கத் தெரிந்த வீட்டில் வெட்டி மிஞ்சிய துண்டு எங்கே போகும்? அது நமக்குத் தெரியாதா! பெருநாளுக்கு மகளுக்குச் சட்டை தைத்தால், மிச்சத் துண்டில் அவளுடைய பொம்மைக்கும் ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் வீடு அமளிப்படும். எல்லா நாட்டிலும் கதை இதுவே. ஆனால் இதில் ஒரு வினோதம் இருக்கிறது. மனிதர் உடுத்திய உடை கிழிந்து, தம்பிக்குச் சின்னதாக்கப்பட்டு, பிறகு கைப்பிடித் துணியாகி, கடைசியில் அடுப்படியில் மறைந்துபோகும். பொம்மை உடுத்திய உடையோ வியர்வை படாமல், வெயில் காணாமல், ஒரு பெட்டிக்குள் மடித்தபடியே தலைமுறைகளைக் கடந்துவிடும். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் சாதாரண நாளில் மக்கள் என்ன உடுத்தினார்கள், எதன்மேல் எதை அணிந்தார்கள், நாடாவை எங்கே முடிந்தார்கள் என்று அறிய விரும்பும் ஆராய்ச்சியாளர்கள் இன்று பொம்மைகளின் பெட்டியைத்தான் திறந்து பார்க்கிறார்கள்.

இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இரண்டு மரப்பொம்மைகள் நாற்காலியில் அமர்ந்திருக்கின்றன. 1690க்கும் 1700க்கும் இடைப்பட்டவை. லார்ட் கிளாப்பம், லேடி கிளாப்பம் என்று பெயர். கிளாப்பம் பகுதியில் வாழ்ந்த காக்கரல் குடும்பத்தில் வழிவழியாகக் காக்கப்பட்டவை. 1974இல் அவை நாட்டை விட்டுப் போகவிருந்தபோது பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. இரண்டு பொம்மைக்காக ஒரு நாடு நன்கொடை திரட்டுமா என்று வியக்காதீர்கள். அவற்றின் மதிப்பு மரத்தில் இல்லை. உடைப் பெட்டியில் இருக்கிறது. உள்ளாடை, இடைக்கச்சு, பாவாடை, காலுறை, காலணி, கையுறை, தொப்பி என்று ஒரு மேட்டுக்குடி தம்பதியின் உடைத் தொகுதி முழுவதும் பொம்மைக்கேற்ற சிற்றளவில் தைக்கப்பட்டுள்ளது. வெளியே போகும்போது முகத்தை மறைக்க லேடி கிளாப்பத்துக்கு ஒரு கறுப்பு முகமூடியும் உண்டு. வெயிலில் முகம் கறுக்காமலிருக்க அக்கால ஆங்கிலச் சீமாட்டிகள் முகத்தை மூடிக்கொண்டு நடமாடினார்கள் என்பதற்கு அந்தப் பொம்மையே சாட்சி!

லார்ட் கிளாப்பத்தின் வீட்டு அங்கி சீனப் பட்டால் ஆனது. வீட்டில் ஓய்வாக இருக்கும்போது அணியும் இத்தகைய தளர்ந்த அங்கியைக் கீழ்த்திசையிலிருந்துதான் ஐரோப்பியர் கற்றார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பனியன்'. குஜராத்து வணிகர்களான வாணியாக்களின் உடையைப் பார்த்து வந்த பெயர் அது. அந்தச் சொல் இரண்டு நூற்றாண்டுகள் சீமையில் சுற்றிவிட்டு, கை சுருங்கி நீளம் சுருங்கி, நம் வீட்டுக் கொடியில் தொங்கும் பனியனாகத் திரும்பி வந்திருக்கிறது.

டச்சுக்காரர்களின் ஆம்ஸ்டர்டாமில் இது இன்னும் பெரிய அளவில் நடந்தது. ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இரண்டு பொம்மை வீடுகள் உள்ளன. பெட்ரோனெல்லா துனுவா என்ற சீமாட்டி 1676ஐ ஒட்டி அமைத்தது ஒன்று. பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்ற மற்றொரு சீமாட்டி 1686 முதல் 1710 வரை இருபது ஆண்டுகளுக்கு மேல் சேர்த்தது மற்றொன்று. இவை குழந்தைகள் விளையாடும் வீடுகள் அல்ல; செல்வச் சீமாட்டிகள் விருந்தினருக்குத் திறந்து காட்டிய அலமாரிகள். ஊர்ட்மன் தம் பொம்மை வீட்டுக்குச் செலவிட்ட பணத்தில் ஆம்ஸ்டர்டாம் கால்வாய்க் கரையில் ஓர் உண்மையான வீட்டையே வாங்கியிருக்கலாம் என்பார்கள். சீனப் பீங்கான்கூட அந்த அளவுக்கே வரவழைக்கப்பட்டது. வெளுத்த துணியை மடித்து அடுக்க ஓர் அறை, காய வைக்க ஒரு மாடி எல்லாம் உண்டு. ஆனால் ஊர்ட்மன் வீட்டில் குடியிருந்த பொம்மைகள் ஏறக்குறைய எல்லாமே காணாமற்போய்விட்டன. துனுவாவின் வீட்டில்தான் அவை தம் உடைகளோடு எஞ்சியிருக்கின்றன. இந்த அலமாரிகளுக்கான செல்வம் எங்கிருந்து வந்தது? ஆம்ஸ்டர்டாமுக்கு வந்து சேர்ந்த கப்பல்களில் பழவேற்காட்டுத் துறையைத் தொட்டு வந்தவையும் இருந்தன. அந்தச் சீமாட்டிகளின் பெயர் நமக்குத் தெரிகிறது; நூற்றவர், நெய்தவர், வரைந்தவர் ஒருவர் பெயரும் தெரியவில்லை.

நம் பக்கத்தில் இதற்கு ஈடானது மரப்பாச்சி. அண்டை வீட்டு இந்துச் சகோதரிகளின் கொலுப்படியில் ஆணும் பெண்ணுமாக இணையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மணப்பெண்ணுக்குச் சீராகவும் கொடுத்தனுப்புவார்கள். திருப்பதி, கடப்பை மலைகளில் மட்டும் வளரும் செம்மரத்தில் செதுக்கியவையே பழைய மரப்பாச்சிகள். பல் முளைக்கும் குழந்தை கடித்தாலும் கெடுதல் இல்லை என்று கையில் கொடுப்பார்கள். மரத்தைக் கல்லில் இழைத்து மருந்தாகப் பூசுவதும் உண்டு. மரப்பாச்சி உடையின்றியே வரும். உடுத்தி விடுவது வீட்டாரின் வேலை. பாட்டியின் பட்டுச் சேலைக் கரை பெண் பொம்மைக்குச் சேலையாகும். தாத்தாவின் வேட்டிக் கரை ஆண் பொம்மைக்கு அங்கவஸ்திரமாகும். ஆகவே ஒரு வீட்டின் மரப்பாச்சிப் பெட்டியைத் திறந்தால், அந்த வீட்டார் நான்கு தலைமுறையாக உடுத்திய துணிகளின் மாதிரி அங்கே இருக்கும். கடைகளில் இப்போது உடையோடு ஒட்டியே விற்கிறார்கள். அது எனக்கு உவப்பாயில்லை.

இதே செம்மரமும் டச்சுக் கப்பல்களில் சோழமண்டலக் கரையிலிருந்து போன சரக்குதான். 'கலியத்தூர் மரம்' என்று பெயரிட்டு, சிவப்புச் சாயத்துக்காக ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார்கள். பொம்மையின் உடம்புக்கான மரமும் உடைக்கான துணியும் ஒரே கரையிலிருந்து கப்பலேறின என்று சொன்னால் பிழையாகாது. செம்மரம் அருகிவிட்டதால் 1995 முதல் அதன் பன்னாட்டு வணிகம் கட்டுப்பாட்டில் உள்ளது. இன்று கடையில் கிடைக்கும் மரப்பாச்சிகளில் பல வேறு மரத்தில் செய்து சாயம் பூசியவை. குழந்தை வாயில் வைக்கக் கொடுக்குமுன் கேட்டு வாங்குங்கள்.

'நம் வீடுகளில் பொம்மை கூடுமா?' என்ற கேள்வி உங்களுள் சிலருக்கு இந்நேரம் எழுந்திருக்கும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் தோழியரோடு பொம்மை வைத்து விளையாடியதும், நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுக்காததும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளன. அப்பொம்மைகளுக்கு நடுவே ஒரு குதிரை இருந்தது. அதற்கு இரண்டு சிறகுகள். கந்தல் துணித் துண்டுகளால் ஆனவை. குதிரைக்குச் சிறகா என்று நபியவர்கள் வினவ, சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததைக் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் மறுமொழி கூற, நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள் என்று அபூதாவூதில் காண்கிறோம். ஆஷூரா நோன்பு நாளில் பசியால் அழும் பிள்ளைகளுக்குக் கம்பளி ரோமத்தில் பொம்மை செய்து கொடுத்து நோன்பு திறக்கும் நேரம்வரை ஆற்றுப்படுத்திய தாய்மார்களைப் பற்றியும் புகாரியில் அறிவிப்பு இருக்கிறது. சிறுவரின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு மார்க்க அறிஞர் பலர் இடமளித்தது இவற்றைக் கொண்டே. கண்ணும் மூக்கும் எழுதாமல், பழைய வேட்டியைச் சுருட்டி நூலால் கட்டிக் கழுத்தும் இடுப்பும் காட்டும் துணிப் பொம்மையே பல வீடுகளின் வழக்கம். முகம் இல்லாத பொம்மைக்கு உடைதான் எல்லாம். அதனால்தானோ என்னவோ, நம் பெண்கள் அந்த உடையில் அத்தனை கவனம் காட்டுகிறார்கள்.

பழவேற்காட்டின் மற்றொரு சரக்கு கட்டம் போட்ட கைக்குட்டை. நூலிலேயே சாயமேற்றி, பாவிலும் ஊடையிலும் நிறம் மாற்றி நெய்வது. முதலில் 'புலிக்காட் கைக்குட்டை' என்றும் பின்னர் 'மெட்ராஸ்' என்றும் உலகம் அழைத்தது. சோழமண்டலத் துணிகள் ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளை வாங்கும் விலையாகவும் கொடுக்கப்பட்டன. அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் கரும்புத் தோட்டங்களில் விடப்பட்ட அந்த அடிமைப் பெண்களும் அவர்கள் வழிவந்தோரும் இந்தக் கட்டத் துணியையே தலையில் கட்டிக்கொண்டார்கள். இன்றும் மார்த்தினிக், குவாதலூப், டொமினிக்கா, செயிண்ட் லூசியா தீவுகளில் விழாக்கால உடை 'மெட்ராஸ்' துணிதான். அங்கே போகும் சுற்றுலாப் பயணிகள் கறுப்புத் துணிப் பொம்மை வாங்கி வருவார்கள்: கட்டம் போட்ட பாவாடை, தலையில் முனைகள் நிமிர்ந்து நிற்கும் கட்டத் துணிக் கட்டு. அத்தலைக்கட்டில் எத்தனை முனை நிற்கிறது என்பதைக் கொண்டு அணிந்தவள் கன்னியா, நிச்சயிக்கப்பட்டவளா, மணமானவளா என்று அறியலாம் என்பது அங்கத்தியப் பேச்சு. அந்தச் சின்னப் பொம்மையின் தலையில் இருக்கும் துணியின் பெயர் நம் மாநிலத் தலைநகரின் பழைய பெயர். அதன் மூதாதை நீங்கள் இப்போது நின்றுகொண்டிருக்கும் ஏரிக்கரையில் நெய்யப்பட்டது.

கரையிலிருந்து அத்தொழில் போய்விட்ட கதை நீளமானதன்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 'புலிக்கேட்' என்ற பெயரிலேயே கைக்குட்டை நெய்து விற்றார்கள். ஊரின் பெயரை எடுத்துக்கொண்டு ஊரை விட்டுவிட்டார்கள். ஆலைத் துணி வந்தது. 1869இல் செயற்கைச் சிவப்புச் சாயத்துக்குக் காப்புரிமை பெறப்பட்டது. சாயவேருக்கு மதிப்புப் போயிற்று. 1897இல் செயற்கை அவுரி கடைக்கு வந்தது. இன்று சோழமண்டலச் சீட்டியைப் பார்க்க வேண்டுமானால் ஆம்ஸ்டர்டாம், இலண்டன், டொராண்டோ என்று போக வேண்டும். அல்லது அகமதாபாத்தின் காலிகோ அருங்காட்சியகத்துக்குப் போகலாம்.

அப்படியானால் பழவேற்காட்டில் கைவேலையே இல்லையா? இருக்கிறது. அதற்கு நீங்கள் கோட்டை மேட்டை விட்டு நம் சமுதாயத்தார் குடியிருக்கும் தெருக்களுக்குள் வர வேண்டும். சின்னப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் காட்டும் நிழல் கடிகாரம் ஒன்று இருக்கிறது. ஆண்கள் அதைப் பார்த்துவிட்டு வரட்டும். பெண்கள் அந்நேரத்தில் வீட்டுத் திண்ணைகளுக்குள் எட்டிப் பார்க்கலாம். அங்கே பெண்கள் பனையோலை முடைந்துகொண்டிருப்பார்கள்.

குருத்தோலையை வெட்டி வந்து வெயிலில் உலர்த்துவார்கள். ஓலை வெளுத்ததும் நரம்பை நீக்கி, ஒரே அகலமாகக் கிழிக்க வேண்டும். இதில்தான் கைத்திறன், கண்ணளவில் ஒரு மயிரிழை பிசகினாலும் முடையும்போது பின்னல் கோணும். ஒரு பகுதியைக் கொதிக்கும் சாய நீரில் போட்டுச் சிவப்பு, பச்சை, ஊதா என்று நிறமேற்றுவார்கள். ஈரம் தெளித்துப் பதமாக்கித்தான் முடைய முடியும். உலர்ந்த ஓலை ஒடியும், விரலையும் அறுக்கும். மழைக்காலத்தில் ஓலை காயாது, பூஞ்சை பிடிக்கும். அந்த மாதங்களில் வருமானமும் மங்கும். மூடியிட்ட பெட்டி, விசிறி, கூடை, பாய், உள்ளே கூழாங்கல் இட்ட குழந்தைக் கிலுகிலுப்பை எல்லாம் இந்தக் கைகளிலிருந்து வருகின்றன. ஓலையின் நிறங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டுவதைச் சற்று உற்றுப் பாருங்கள். நெசவுக் கைக்குட்டையின் கட்டம்தான் ஓலைக்குக் குடிபெயர்ந்ததோ என்று எனக்குத் தோன்றும். இது என் கற்பனையாகவே இருக்கட்டும்.

இந்த வேலை பொழுதுபோக்கன்று. ஏரியில் வலையிடும் உரிமையைக் கரையோர மீனவ ஊர்கள் 'பாடு' என்ற முறைப்படி, முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. அது ஆண்களுக்கு உரிய பங்கு. ஏரி கடலைச் சேரும் முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகும்போதெல்லாம் இறாலும் மீனும் குறைகின்றன. மீனை நம்பிய வியாபாரமும் ஐஸ் கடையும் படகுப் பட்டறையும் சேர்ந்தே சோர்கின்றன. அந்த நாட்களில் ஒரு வீட்டில் அரிசிக்கும் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கும் பணம் வருவது பெண் முடைந்த பெட்டியிலிருந்துதான். வீட்டை விட்டு வெளியே போகாமல், சமையலுக்கும் தொழுகைக்கும் இடைப்பட்ட நேரத்தில், தாய் மகளுக்குச் சொல்லிக்கொடுத்து வளர்ந்த தொழில். ஆனால் பெட்டிக்கு இத்தனை என்று கணக்கிட்டுக் கொடுக்கும் கூலிக்கும், நகரத்துக் கண்ணாடி அலமாரியில் அதே பெட்டிக்கு ஒட்டியிருக்கும் விலைச்சீட்டுக்கும் இடையே உள்ள தூரம், பழவேற்காட்டுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் இடையே அன்று இருந்த தூரத்தையே நினைவூட்டுகிறது. பள்ளிக்குப் போய்ப் படித்த பெண்கள் இதற்கு வர விரும்பவில்லை என்றால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஓலைக்குரிய பனையும் குறைந்து வந்தது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் அறிவித்தது சற்று ஆறுதல்.

போனால் கேட்டு வாங்க வேண்டியது ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பெட்டித் தொகுதி. பெரியதில் வெற்றிலையோ நகையோ வைக்கலாம். அடுத்ததில் ஊசி நூல். கடைசிப் பெட்டி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதை உங்கள் மகளிடம் கொடுங்கள், தன் பொம்மையின் துணிமணிக்கு அதைவிடப் பொருத்தமான பெட்டி வேறில்லை என்று அவளே கண்டுகொள்வாள். விலை பேசும்போது ஒரு பெட்டிக்கு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று முடைந்தவரிடமே கேட்டுவிட்டுப் பேசுங்கள். ஓலைப் பெட்டியை நனைக்காதீர்கள். மாதம் ஒருமுறை இளவெயிலில் சிறிது நேரம் வைத்து எடுத்தால் பல ஆண்டுகள் உழைக்கும்.

உங்கள் வீட்டுப் பரணில் பாட்டியோ பெரியம்மாவோ தைத்த பழைய பொம்மை உடைகள் இருந்தால், அவற்றைச் சோப்புப் போட்டுத் துவைத்துவிடாதீர்கள். பழைய சாயம் அதைத் தாங்காது. தூசியை மென்மையாகத் தட்டி, பலமுறை வெளுத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, நடுவே காய்ந்த வேப்பிலை வைத்து ஓலைப் பெட்டியில் இடுங்கள். பாலிதீன் பை வேண்டாம்; ஈரம் உள்ளேயே நின்று துணி மக்கிவிடும். கூடவே ஒரு காகிதத்தில் அது யாருடைய கல்யாணச் சேலையின் துண்டு, எந்தப் பெருநாளுக்குத் தைத்தது, தைத்தவர் பெயர் என்ன என்பதை எழுதி வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள்; மை துணியில் ஊறிவிடும்.